அடி கேட்டு அலைந்த பையன்

1. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தேனி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. கதவில் 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று எழுதியிருக்கும். டாக்டர் மாத்திரை எழுதுவார், நான் பேச்சைக் கேட்பேன். புதன்கிழமை ஓ.பி. என்றால் வாரச்சந்தைதான். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நான் மாலையில் வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போவேன்.

எங்கள் ஓ.பி.யில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தங்களுக்கென்று வரமாட்டார்கள். "பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சார்" என்பார்கள். "சொந்தத்துல ஒரு புள்ளைக்கு" என்பார்கள். நாங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கென்று வாங்கிப்போன மாத்திரையைச் சாப்பிட்டு அவர்கள் வீட்டுப் பையன் குணமாவான். இதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். அதனால்தான் ஜெசிந்தா டீச்சர் வந்த அன்றைக்கு நான் அப்படி மாட்டிக்கொண்டேன்.

டீச்சர் ராயப்பன்பட்டிக்காரர். மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கையில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்து நின்றார்.

"சார், ஒரு பையனைப் பத்திக் கேக்கணும். என் பையன் இல்ல."

"சரிம்மா, உங்க பையன் இல்ல. உக்காருங்க. வயசு?"

"பதினாறு. ஆனா சார், இது வந்து..."

"பேரு?"

"செல்வம். சார், முதல்ல ஒண்ணைச் சொல்லிர்றேன்..."

"எல்லாத்தையும் சொல்லலாம்மா. பையன் என்ன செய்றான்? அதைச் சொல்லுங்க."

வெளியே வரிசை கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். திராட்சைத் தோட்டக்காரர் வீடு. அம்மா இல்லை. அண்ணன் கொடிக்கு மருந்தடிக்கப் போன இடத்தில், மூக்கில் துண்டு கட்டாமல் அடித்து, மருந்து ஏறிச் செத்துப்போனான். அதிலிருந்து தம்பி செல்வம் அப்பாவோடு பேசுவதில்லை. மோட்டார் ரூமில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கிணற்றில் போடுகிறான். மருந்தடிக்கும் டேங்கை விற்றுவிடுகிறான். அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது பந்தல் கம்பியை வெட்டிவிட்டான், காய்த்த கொடியெல்லாம் தரையில்.

நான் வேகமாக எழுதிக்கொண்டேன். கேஸ் ஹிஸ்டரி இவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பும் கொடுத்துவிட்டேன்.

"அப்பா மேல உள்ள கோபம்மா. அண்ணனை மருந்தடிக்க அனுப்புனது அவர்தானே? நேரா அப்பாவை அடிக்க முடியாது, தோட்டத்தை அடிக்கிறான். அடுத்த புதன்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பேசிருவோம்."

"அவரைக் கூட்டிட்டு வர முடியாது சார்."

"ஏன், வெளியூர்ல இருக்காரா?"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்துப் போறாரு சார்."

பக்கத்து மேஜையில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டீச்சர் துணிப்பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஓ.பி. சீட்டில் செல்வம், ஆண், பதினாறு என்று எழுதி நம்பர்கூடப் போட்டிருந்தேன். என் சர்வீஸில் புத்தகத்துக்குள் இருப்பவனுக்கு சீட்டுப் போட்டது அது ஒன்றுதான்.

2. டீக்கடையில் ஒரு வகுப்பு

ஓ.பி. முடிந்து மருத்துவமனை வாசல் டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தலைப்பு, ஒரு நாவலின் வளரிளம் பருவத்துக் கதாநாயகனை உளப்பகுப்பாய்வு வழியாகப் படிப்பது. நாவல் ஓடைப்பட்டிப் பக்கம் நடக்கிற கதை. எழுதியவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதியது அந்த ஒரே புத்தகம்தான். எங்கள் பக்கம் அதைப் படித்தவர்கள் பலருக்கும் அந்தப் பையனைத் தெரியும். அப்பனை வதைத்தே கொன்ற பயல் என்று அவனுக்குப் பெயர்.

டீச்சர் அப்படி எழுதவில்லை. அதுதான் சிக்கல். வெளியிலிருந்து ஆய்வேட்டைத் திருத்திய தேர்வாளர், 'கதாநாயகனின் தந்தை வெறுப்பை ஆய்வாளர் தவறவிட்டுள்ளார், நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிவிட்டார். டீச்சரின் நெறியாளர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். "நாலு பக்கம்தானேம்மா, அவர் கேக்குறதை எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்தை வாங்கிக்க" என்றாராம். இத்தனை வருடம் பள்ளிக்கூட வேலையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, ராத்திரி மிச்சத்தில் எழுதிய ஆய்வு.

"நான் சொல்றது தப்புன்னா மாத்திர்றேன் சார். ஆனா தப்புன்னு எனக்குப் புரியணும். நாலு எழுத்துக்காக ஒரு பையன் மேல இல்லாத பழியப் போட மாட்டேன்."

"அவன் நிஜப் பையன் இல்லையே டீச்சர்."

"நீங்கதானே சார் சீட்டுப் போட்டீக."

நான் டீயைக் குடித்தேன்.

பிறகு அவர் புத்தகத்தைத் திறந்தார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உளப்பகுப்பாய்வை நான் பரீட்சைக்குப் படித்தவன். நனவிலி, அடக்கி ஒடுக்குதல், ஒருவர் மேல் உள்ள கோபத்தை வேறொன்றின் மேல் காட்டும் டிஸ்ப்ளேஸ்மென்ட் எல்லாம் எழுதி மார்க் வாங்கிவிட்டு, வேலைக்கு வந்ததும் பரணில் போட்டுவிட்டேன். ஓ.பி.யில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. பேஷன்ட் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போனால் அது காற்றோடு போனதுதான். டீச்சரோ ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை திரும்பிப் போய்ப் பார்க்கலாம். பார்த்திருந்தார்.

"சார், இந்த வீட்ல மருந்தடிக்கிறது அண்ணனும் தம்பியும் மாத்தி மாத்தி. இங்கன பாருங்க, முந்தின நாள் அடிச்சது அண்ணன். அப்ப மறுநாள் யாரு முறை?"

"தம்பி முறை."

"செத்தது யாரு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பகல் முழுக்கச் செல்வம் எங்கே இருந்தான் என்று நாவல் சொல்லவே இல்லை. காலையில் எழுந்தான் என்று இருக்கிறது. அடுத்து சாயங்காலம் தெருவில் கூட்டமாக இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

"பையன் ஒரு இடத்துலகூட அப்பாவைக் குறை சொல்லல சார். மனசுக்குள்ளகூட. ஒவ்வொரு அட்டூழியத்தையும் அப்பா கண்ணு முன்னாடியே வந்து செய்றான். செஞ்சுட்டு ஓடல. நிக்கிறான். அப்பா என்ன செய்றாரு? ஃபியூஸ் கேரியரைப் புதுசா வாங்கி மாட்டுறாரு. டேங்கை விலை குடுத்துத் திருப்பி வாங்குறாரு. பந்தலை வெட்டுன அன்னைக்குச் 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறாரு. அவரு அடிக்காம விட விட, இவன் அடுத்து பெருசாச் செய்றான்."

"அடி வேணும்னு செய்றான்கிறீங்களா?"

டீச்சர் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். செல்வம் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டு, போலீஸ்காரர் ஸ்டேஷனில் வைத்து அவனை இரண்டு அறை விடுகிறார். அன்றைக்கு ராத்திரி பையன் அயர்ந்து தூங்கினான் என்று ஒரு வரி. அண்ணன் செத்த பிறகு அவன் தூங்கியதாக நாவலில் வருவது அந்த ஒரே இடம்.

நானும் அந்த நாவலை எப்போதோ படித்து, பையன் பேரைக்கூட மறந்துபோனவன்தான். அந்த வரியைத் தாண்டிப் போனவன்தான். அந்த மத்தியானம் எனக்கு ஏற்பட்ட மரியாதையை எப்படிச் சொல்ல? கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரிடமும் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததில்லை. டீக்காசை நான்தான் கொடுத்தேன். அவர் விடவில்லை என்றாலும் கொடுத்தேன்.

"மாத்தாதீங்க டீச்சர்" என்றேன். "கில்ட்டை நான் தினம் பார்க்கிறவன். இது அதுதான். நீங்க பிடிச்சிருக்கிறது சரி."

"அப்ப மாத்த மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். முடிவு எடுக்க அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

3. பிரியாணிக்கு முன்னால்

முடிவை மாற்றாமல், ஆதாரங்களை மட்டும் இன்னும் கூட்டி எழுதிச் சமர்ப்பித்தார். வாய்மொழித் தேர்வுக்கு அதே தேர்வாளரே வந்தார். பொது வாய்மொழித் தேர்வு என்றால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். நடைமுறை வேறு. ஆய்வாளரின் சிநேகிதர்களுக்கு முதல் நாளே கேள்விகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். 'இந்த ஆய்வின் சமுதாயப் பயன் யாது?' என்று ஒருவர் எழுந்து கேட்பார், ஆய்வாளர் அதைப் பார்த்து வியந்ததுபோல் பதில் சொல்வார். பிறகு ஆய்வாளர் செலவில் எல்லோருக்கும் பிரியாணி. பலபேர் நேரே பிரியாணிக்கு வந்து சேருவார்கள். நான் கேள்விக்கே போய்விட்டேன்.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாவலை எழுதிய லைன்மேன். இங்கே அவரைத் தவமணி என்று சொல்கிறேன். டீச்சர் மரியாதைக்கு ஓர் அழைப்பு அனுப்பியிருக்கிறார், வருவார் என்று நினைக்கவில்லை. அதுவரை இருவரும் சந்தித்ததே இல்லை. எழுத்தாளர் உயிரோடு இருந்தால் நேர்காணல் எடுத்துப் பின்னிணைப்பில் போடுவது ஆய்வேடுகளில் சம்பிரதாயம். டீச்சர் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டிருந்தார்.

தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் பிடித்தார்.

"குற்றவுணர்வு என்று நீங்கள் சொல்வது உங்கள் ஊகம். நாவலாசிரியர் வாழ்க்கையில் அப்படி ஏதாவது நடந்ததா? அவரே இங்கே இருக்கிறாரே. கேட்டுவிட்டால் முடிந்தது."

எல்லோரும் தவமணியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் மனித முகங்களைப் பார்த்தவன் நான். செல்வம் இவர்தான் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மேடையில் நின்ற டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர் ஆய்வு ஜெயித்துவிடும்.

"கேக்க வேண்டாங்க ஐயா" என்றார் டீச்சர்.

"ஏன்?"

"நான் படிச்சது செல்வத்தை. இவரை இல்ல. இவரு எழுந்து நின்னு சாட்சி சொன்னாத்தான் என் அத்தியாயம் நிக்கும்னா, அதை நீங்க தள்ளிருங்க. புத்தகத்துக்குள்ள இருக்கிறதை வச்சே அது நிக்கணும். நிக்கலைன்னா எனக்கு இந்தப் பட்டம் வேண்டாங்க ஐயா."

பக்கத்தில் அவருடைய நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் ஆய்வேட்டை மூடி மேஜையில் வைத்தார். பிறகு, "சரி, புத்தகத்திலிருந்தே காட்டுங்கள்" என்றார். டீச்சர் காட்டினார். முறை மாறிய நாள், காணாமல் போன பகல், அப்பா முன்னாலேயே நடக்கும் அட்டூழியங்கள், கடைசியாக அந்தத் தூக்கம். தேர்வாளர் புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்தார். "இந்த இடத்தை நான் கவனிக்கவில்லை அம்மா" என்றார். சபையில் வைத்து அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அவர் மேல் இருந்த என் கோபமெல்லாம் போய்விட்டது. பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் தவமணி தட்டில் கை வைக்காமல் டீச்சரிடம் வந்து நின்றார்.

"டீச்சர், அந்த நாலாவது அத்தியாயத்தை ஓடைப்பட்டிக்கு வந்து ஒருக்க வாசிக்கணும்."

"யாருக்குங்க?"

"எங்க மதினிக்கு. அண்ணன் சம்சாரம். என்னால சொல்ல முடியல டீச்சர். இம்புட்டு வருசமா முடியல. கதையா எழுதுனேன், அதுலயும் சொல்ல முடியல. நீங்க சொல்லிட்டீக. கேட்டுட்டு மதினி என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னாலும் சரிதான்."

4. ஓடைப்பட்டி

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் சந்தோஷமாகவே இல்லை.

"நாவல்ல மதினியே கிடையாதே சார். அந்த வீட்ல சோறு பொங்குறது யாருன்னே இல்ல. நானும் அதைப் பாக்காம விட்டுட்டேன். அம்புட்டுப் பயந்து அவுகளை மறைச்சு வச்சிருக்காரு."

"போகப் போறீங்களா?"

"தெரியல சார். நான் ஒரு புத்தகத்தைப் படிச்சேன். இப்ப ஒரு வீட்டுக்குள்ள வரச் சொல்றாரு. அந்த அம்மா எங்களைத் துரத்திட்டா இவரு என்ன ஆவாரு? நீங்களும் கூட வாங்க சார். ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதைச் சொல்லாமல், சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து டீச்சர் ராயப்பன்பட்டியிலிருந்து வந்தார். சேர்ந்து போனோம். மதினிக்கு எழுபது வயதை ஒட்டியிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கணவர் இறந்தபோது வயிற்றில் பிள்ளை. அந்த மகள் இப்போது திருப்பூரில் இருக்கிறார். மதினி இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. தவமணிக்குக் கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளை வளர்த்ததும் மதினிதான். தவமணி வாசற்படிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார், கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுகிறவர் மாதிரி.

டீச்சர் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினார். 'குற்றவுணர்வின் தண்டனை வேட்கை' என்று முதல் வரி. மதினி டீச்சர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லு தாயி."

டீச்சர் தாளை மூடி மடியில் வைத்தார்.

"ஒரு பையன் தப்பு மேல தப்பாச் செய்றாம்மா. கெட்ட பய இல்ல. எவனாச்சும் நம்மளை அடிச்சுர மாட்டானான்னு அலையிறான். அடி வாங்கிட்டா மனசுல இருக்கிற பாரம் இறங்கிரும்னு நினைக்கிறான். அவுக அப்பா அடிக்கவே மாட்டேங்கிறாரு. அதை அவனால தாங்க முடியல."

"எதுக்காம் அவனுக்கு அடி?"

டீச்சர் தவமணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நான் என் தொழிலில் பழகிய ஒரே காரியத்தைச் செய்தேன், சும்மா இருந்தேன்.

"அன்னைக்கு மருந்தடிக்க வேண்டியது நான் மதினி" என்றார் தவமணி. "சின்னமனூருக்குப் படம் பாக்க ஓடிட்டேன். எனக்குப் பதிலாத்தான் அண்ணன் போச்சு."

மதினி அவர் பக்கம் திரும்பினார்.

"படத்துக்குப் போனது எனக்குத் தெரியும்" என்றார். "உங்க அண்ணன் சொல்லிட்டுத்தான் போனாக. பய படத்துக்கு ஓடிருக்கான், போயிட்டு வரட்டும், நானே அடிச்சுக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே போனாக."

தவமணி நிமிர்ந்து பார்த்தார். மதினி நிறுத்தவில்லை.

"நீ பந்தலை வெட்டுனப்ப உங்கப்பா கைய ஓங்கிக்கிட்டு வந்தாரு. நீ பாக்குறதுக்குள்ள நான்தான் மறிச்சேன். இந்தப் பிள்ளை மேல ஒரு அடி விழுந்தா வயித்துல இருக்கிறதோட எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்னேன். அந்த மனுசன் சாகுற வரைக்கும் உன்னைத் தொடல. பிள்ளை ஏற்கெனவே நொந்து கிடக்கு, அடி வேற வாங்கணுமான்னு நினைச்சேன். நீ அடிக்குத்தான் அலைஞ்சியாலே?"

"ஆமா மதினி."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்லலே!"

மதினி எழுந்து போய், அறுபது வயது மனிதரின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். செல்லத் தட்டு இல்லை. அடுப்படியிலிருந்து தவமணியின் மனைவி ஓடிவந்து பார்த்தார். தவமணி மதினியின் காலுக்கருகில் குனிந்து உட்கார்ந்து அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் ஓ.பி.யில்கூடப் பார்த்ததில்லை. மதினி அவர் தலையில் கை வைத்துக்கொண்டே, தானும் அழுதுகொண்டே, அடுப்படியைப் பார்த்து, "ஏத்தா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? டீச்சருக்கும் சாருக்கும் காபி போடு" என்றார்.

5. நான் எடுத்துக்கொண்டது

இதைத் தவமணியிடமும் மதினியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றதற்கு, "எதுக்கு மாத்தணும்? நாங்க என்ன களவா செஞ்சோம்?" என்றார் மதினி. நான்தான் பிடிவாதமாக மாற்றினேன்.

அன்றைக்கு ஓடைப்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது டீச்சர், "நாலாம் அத்தியாயத்துல ஒரு தப்பு இருக்கு சார்" என்றார். "அப்பா அடிக்காததுக்குக் காரணம் பாசம்னு எழுதியிருக்கேன்."

"திருத்திரலாமே. அச்சுக்கு இன்னும் போகலையே."

"எப்படி சார்? மதினி புத்தகத்துலயே இல்லையே. இல்லாததை நான் எழுத முடியாது."

இப்படிப்பட்ட ஆளிடம் எனக்கு மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? டீச்சரின் ஆய்வேடு அந்தத் தப்போடுதான் நூலகத்தில் இருக்கிறது. அதைவிட நேர்மையான ஆய்வேட்டை நான் படித்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் பேஷன்ட் பார்க்கிறேன். இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையை அடிக்காதீர்கள் என்று பெற்றோரிடம் நாம் எல்லோரும் சொல்கிறோம். சரியான பேச்சுத்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. அந்த ஓடைப்பட்டி வீட்டில் எல்லோரும் அந்தப் பையனை எப்போதோ மன்னித்துவிட்டார்கள். ஒருவர்கூட அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே சோறு போட்டார்கள், துணி துவைத்தார்கள், கல்யாணமும் செய்து வைத்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் பெற்றோர் என்னிடம், "நாங்க அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டோம் சார்" என்று சொன்னால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். பிள்ளையை உள்ளே கூப்பிட்டு அவர்களுக்கு எதிரே உட்காரவைக்கிறேன். "என்கிட்டச் சொல்லாதீங்க" என்கிறேன். "அவனைப் பார்த்துச் சொல்லுங்க."